மருந்துக்கடை மாத்திரையும் மழைக்காலக் காய்ச்சலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐப்பசி அடைமழையில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், உடம்புவலி. வயது 71, சர்க்கரை வேறு. தெருமுனை மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் 5 மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். அவருக்கு வந்ததோ இன்ஃப்ளூயன்ஸா என்னும் ஃப்ளூ காய்ச்சல்; அது வைரஸால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரை அதை என்ன செய்யும்? நான்காம் நாள் மூச்சிரைத்த பிறகே டாக்டரிடம் ஓடினோம். ஃப்ளூ வைரஸை எதிர்க்கும் ஓசெல்டாமிவிர் என்ற மருந்தை எழுதினார். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருந்தால் பலன் கூடுதலாம்.

வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். பேரனுக்குத் தேதி தவறாமல் போடுகிறோம். தாத்தாவுக்கும் ஊசி உண்டென்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஆரம்ப சுகாதார நிலையங்களில், மழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே முதியோருக்கு இலவசமாகப் போடட்டும்.

– ஒரு வாசகி, மன்னார்குடி