அக்டோபர் 15-க்குள் இன்னும் 13,600 டாலர்

அன்புச் சகோதரர்களுக்கு,

நேராக விஷயத்துக்கு வருகிறோம். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்னும் நம் கறுப்பின மாணவர் சங்கத்தின் கிளையை இங்கே தொடங்கியவர்களுக்குக் கல்லூரி வளாகத்தில் வைக்கப்போகும் நினைவுக்கல்லுக்கு ஆகும் செலவு 45,000 டாலர். கையில் இருப்பது 31,400. மீதியை அக்டோபர் 15-க்குள் கட்டினால்தான் எழுத்து வெட்டத் தொடங்குவார்கள். நிறுவனர் நாளான டிசம்பர் 4 அன்று திறக்க வேண்டும்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1904-05-இல் படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் மறு ஆண்டு திரும்பவில்லை. படிப்பு ஓடாமல் அல்ல. தங்க இடமில்லை, சேர்ந்து படிக்கத் துணையில்லை. மிஞ்சியவர்கள் ஒன்றுகூடினார்கள். இலக்கியக் கூட்டமாக இருந்தால் போதும் என்று சிலர் சொல்ல, சகோதரர் சங்கமே வேண்டும் என்றவர்கள் விடவில்லை. 1906 டிசம்பர் 4 அன்று ஏழு பேர் நம் சங்கத்தை நிலைநாட்டினார்கள். மறு ஆண்டே ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டாவது கிளை வந்தது. அந்த ஏழு பேரில் வெர்ட்னர் டாண்டி நியூயார்க் மாநிலத்தில் பதிவுபெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர். யூஜின் கின்கிள் ஜோன்ஸ், நகரங்களில் வாழும் கறுப்பினத்தவருக்காக உழைக்கும் நேஷனல் அர்பன் லீக் அமைப்பைப் பல ஆண்டுகள் நடத்தினார். அவர்களைச் சொல்லும்போது இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

நம் கல்லூரியிலும் அதே பாடுதான். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடி, பாத்திரம் கழுவிய கூலியில் கிளைக் கட்டணம் கட்டினார்கள். வெள்ளையர் சங்கங்களுக்கு இங்கே பெரிய பெரிய வீடுகள் உண்டு. நம்மவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை.

இதுவரை கொடுத்தவர்களைக் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். மறைந்த கணவரின் பெயரில் 2,000 டாலர் அனுப்பிய அம்மா, "அவர் இருந்திருந்தால் முதல் ஆளாகத் தந்திருப்பார்" என்று எழுதியிருந்தார். ஞாயிறு காணிக்கையில் ஒரு பங்கை ஒதுக்கிய சபையார், கேட்காமலே கைகொடுத்த சகோதரிகள் சங்கத்தார், ஓய்வூதியத்தில் மாதம் 25 டாலர் தவறாமல் அனுப்பும் மூத்த அண்ணன்கள், எல்லோருக்கும் நன்றி. கார் கழுவி 620 டாலர் சேர்த்த இன்றைய மாணவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. படிப்புக் கடன் தலைமேல் இருக்கும் பிள்ளைகள் அவர்கள்.

அப்புறம், மனம் வருந்தினாலும் இதையும் சொல்லியாக வேண்டும். முன்னாள் மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பிவந்து கூடும் ஹோம்கமிங் அன்று நம் சங்கத்தின் நிறங்களான கறுப்பும் பொன்னிறமும் அணிந்து படமெடுக்க வந்த பலர் இன்னும் ஒரு டாலரும் தரவில்லை. நாம் எல்லோருக்கும் தொண்டர்கள் என்று உறுதி சொன்னவர்கள்தானே? நம் சகோதரர் மார்ட்டின் லூதர் கிங்குக்கு வாஷிங்டனில் நினைவிடம் கேட்டு எழுந்தது நம் சங்கம். சுமார் 12 கோடி டாலர் திரட்டி 2011-இல் அது திறக்கப்பட்டது. 13,600 நமக்கு முடியாதா?

நூறு பேர் 136 டாலர் வீதம் தந்தால் போதும். முடியாதவர்கள் முடிந்ததைத் தாருங்கள், பத்து டாலரானாலும் சரி. காசோலையைக் கிளையின் பெயருக்கே எழுதுங்கள். பொருளாளர் ரசீது அனுப்புவார். 250 டாலருக்கு மேல் தருபவர்களின் பெயர் கல்லின் பின்புறத்தில் வரும். பெயரை எப்படிப் பொறிக்க வேண்டும் என்பதையும் அக்டோபர் 10-க்குள் எழுதி அனுப்பிவிடுங்கள்.

சகோதர அன்புடன்,
நினைவுக்கல் குழுவினர்