ராஜனுக்கு, பாரிட்ஜ் பற்றி

அன்புள்ள ராஜன்,

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வரைக்கும் நடக்கிறாள். ராத்திரியில்தான் தூக்கம் வருவதில்லை, அவளுக்கு வராததால் எனக்கும் இல்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு, நீ வருஷக்கணக்கில் பார் பார் என்று சொல்லிவந்த ‘பாரிட்ஜ்’ என்ற அந்தப் பழைய பிரிட்டிஷ் ஜெயில் நகைச்சுவைத் தொடரை முழுக்கப் பார்த்து முடித்தேன். மூன்று சீசன், இரண்டு கிறிஸ்துமஸ் ஸ்பெஷல், ஒன்றுவிடாமல். இதை உன்னிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

ஆரம்பமே என்னைப் பிடித்துக்கொண்டது. பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை. ஒரு நீதிபதி தீர்ப்பு வாசிக்கிறார், இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அறைந்து சாத்தப்படுகின்றன, நார்மன் ஸ்டான்லி ஃப்ளெட்சருக்கு ஐந்து வருஷம். அந்த நீதிபதியின் குரலும் ஃப்ளெட்சராக நடித்த ரானி பார்க்கருடையதுதான் என்று தெரிந்ததும் திரும்ப ஓட்டிக் கேட்டேன். கைதியும் அவர், தண்டிப்பவரும் அவர்! 1974-ல் பிபிசியில் ஒரு நகைச்சுவைத் தொடரை இப்படித் தொடங்க எவ்வளவு தைரியம் வேண்டும். டிக் கிளெமென்ட், இயன் லா ஃப்ரெனே இருவரும் எழுதியது. அதற்கு முந்தைய வருஷம் பார்க்கருக்காக ஏழு தனித்தனி நாடகங்கள் போட்டார்களே, அதில் ஒன்று வளர்ந்துதான் இது ஆனது.

நீ போனில் சொன்ன ‘எ நைட் இன்’ எபிசோடுக்கு வருகிறேன். முதல் சீசனிலேயே மூன்றாவது. கிட்டத்தட்ட அரை மணி நேரமும் ஒரே செல், இரண்டே பேர், விளக்கை அணைத்தாகிவிட்டது. ஃப்ளெட்சர் உள்ளே வந்துபோய்ப் பழகிய ஆள். லென்னி காட்பர் முதல்தடவை மாட்டிக்கொண்ட பையன், நீ இருக்கும் பர்மிங்காம்காரன். பகல் எப்படியோ ஓடிவிடுகிறது, ராத்திரியைத்தான் தாங்க முடியவில்லை என்கிறான். ஃப்ளெட்சர் என்ன ஆறுதல் சொல்கிறார் பார்: வெளியே எங்கும் போகாமல் இன்று வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று ஒரு நாள் நினைப்போமே, அப்படி ஒரு ராத்திரி என்று வைத்துக்கொள் என்கிறார். பையனும் யோசித்துப் பார்த்து, அப்படிப்பட்ட ராத்திரிகள் இன்னும் நூற்றுக்கணக்கில் பாக்கி இருக்கிறதே என்கிறான். சிரிப்பு வருகிறது, சிரித்து முடிப்பதற்குள் தொண்டை அடைக்கிறது. வேறு எதுவும் நடப்பதில்லை. பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு வயசாளி ஒரு பையனின் பயத்தைக் கேலி செய்யாமல், கையைப் பிடிக்கிறேன் என்று காட்டிக்கொள்ளாமலும், விடியும் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறார். நள்ளிரவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும்.

நான் முழுதாகப் பார்த்தவரை அதில் ஒளிந்திருக்கிற விஷயம் கருணைதான். ஜெயில் ஒரு நல்ல இடம் என்று அவர்கள் எங்கேயும் பொய் சொல்லவில்லை. வார்டர் மெக்கே விறைப்பாக நடந்துவந்தால் நமக்கே முதுகு நிமிர்கிறது, அந்த வேஷத்தில் வரும் ஃபுல்டன் மெக்கே என்ன நடிகர்! யாரும் சுவரேறித் தப்பிப்பதில்லை. ஃப்ளெட்சருக்கு வேண்டியதெல்லாம் அன்றைய ஒரு சின்ன ஜெயம், அதை வைத்துக்கொண்டு மறுநாள் வரை மனுஷனாக இருப்பது. இரண்டாவது சீசன் தொடக்கத்தில் அவருடைய அன்னாசிப் பழ டின் ஒன்று காணாமல் போகிறதே, அதுவே அவர் சுட்டுக்கொண்டு வந்ததுதான், ஆனாலும் நம் நடுவில் ஒரு திருடன் இருக்கிறான் என்று அவர் கொதிப்பதில் ஒரு துளி நடிப்பு இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு, அது உடைந்தால் வலிக்கும் என்று அந்தக் கோபம் சொல்கிறது.

அப்புறம் பிளாங்கோ கிழவர். 1977-ல் வந்த கடைசி சீசன். மனைவியைக் கொன்றதாக உள்ளே போட்டுவிட்டார்கள், பரோல் கொடுத்தும் வாங்க மாட்டேன் என்கிறார். வாங்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகிவிடும், முழு மன்னிப்புதான் வேண்டும். ஃப்ளெட்சர் அவருக்காக மெனக்கெடுகிறார், மன்னிப்பும் கிடைக்கிறது. கடைசியில் கிழவர் ஒன்று சொல்வாரே: மனைவியைக் கொன்றது அவளுடைய காதலன், அவன் எப்போதோ செத்துப்போனான், அவனைக் கொன்றது நான்தான் என்று. எனக்கு மயிர் கூச்செறிந்தது. முப்பதுகளில் இருந்த டேவிட் ஜேசன்தான் அந்தத் தள்ளாத கிழவராக வந்தது, முகத்தைப் பார்த்து என்னால் நம்பவே முடியவில்லை.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். மெக்லாரன் என்ற கறுப்பினக் கைதியின் நிறத்தை வைத்து வருகிற சில வரிகள் இன்றைக்குக் கேட்கச் சங்கடமாக இருக்கின்றன, அந்த இடங்களில் அரங்கத்தில் எழும் சிரிப்பு இன்னும் சங்கடம். அதே தொடரில் லூக்வார்ம் என்ற ஆண்களை விரும்பும் கைதி தன்பாட்டுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு, எல்லாரோடும் ஒருவராக உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் அபிப்பிராயம் என்ன?

ஷூட்டிங் விஷயமும் தேடிப் படித்தேன். நிஜ ஜெயிலுக்குள் படம் பிடிக்க உள்துறை அனுமதிக்கவில்லையாம். வெளியே தெரிகிற அந்தப் பெரிய வாசல் செயின்ட் ஆல்பன்ஸில் இருக்கும் பழைய சிறை வாசல். உள்ளே மாடி மாடியாகத் தெரிவதை ஈலிங் ஸ்டூடியோவில், தண்ணீருக்கடியில் படம் பிடிப்பதற்காக வைத்திருந்த ஒரு பழைய தொட்டிக்குள் கட்டியிருக்கிறார்கள்! நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலைப் போய்ப் பார்த்து ஒரு போட்டோ அனுப்பேன்.

காட்பராக நடித்த ரிச்சர்ட் பெக்கின்சேல் 31 வயதிலேயே, 1979 மார்ச்சில் இறந்துபோனார் என்று படித்தது இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை. இதையே சினிமாவாக எடுத்தார்களே, அது தியேட்டருக்கு வருவதற்குள் ஆள் இல்லை. தூங்கும்போதே மாரடைப்பு. அதைத் தெரிந்துகொண்டு ‘எ நைட் இன்’னை மறுபடி போட்டேன், பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

ஃப்ளெட்சர் விடுதலையாகி வெளியே வந்த பிறகு நடக்கிற ‘கோயிங் ஸ்ட்ரெய்ட்’ 1978-ல் ஆறு எபிசோடு வந்ததல்லவா, அதில் காட்பருக்கும் ஃப்ளெட்சர் மகளுக்கும் கல்யாணம் ஆகிறது என்ற அளவுக்குத்தான் தெரியும். உன்னிடம் டிவிடி இருந்தால் பொங்கலுக்கு வரும்போது எடுத்துவா. சேர்ந்து பார்க்கலாம். அம்மாவும் நீ எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அவளுக்கு அங்கே கிடைக்கும் அந்த வலி நிவாரணி ஆயின்மென்ட்டும் வேண்டுமாம், பேரை விமலாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனாயா இல்லையா என்பதை மட்டுமாவது உடனே எழுது.

அன்புடன்,
சேகர்