மிக் வெல்டிங் இயந்திரம்: கடைக்காரர்கள் குறைந்தபட்ச ஆம்பியரையும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காரை வீட்டுக் கொட்டகையில் வைத்தே சரிசெய்துகொள்ளலாம் என்று விலை குறைந்த மிக் வெல்டிங் இயந்திரம் ஒன்றை வாங்கி ஏமாந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விசையை அழுத்தினால் சுருளிலிருந்து கம்பி தானாக ஓடிவந்து, மின்சாரச் சூட்டில் உருகி இரும்பை ஒட்டும் கருவி அது. இந்த இயந்திரங்களைக் கடைகளில் விற்கும் விதத்தில் ஒரு மாற்றம் வேண்டும் என்பது என் கோரிக்கை. நடந்ததைச் சொன்னால்தான் அது விளங்கும்.

திருத்துறைப்பூண்டியில் வசிக்கும் என்னிடம் 1994-ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்று இருக்கிறது. வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தேங்கும் தண்ணீரும் சேர்ந்து, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துத் தரைத் தகட்டை அரித்துவிட்டன. ரப்பர் விரிப்பைத் தூக்கினால் கீழே சாலை தெரிந்தது. டிங்கரிங் பட்டறையில் பித்தளை வைத்து கேஸ் வெல்டிங்கில் ஒட்டி, மேலே பட்டி பூசித் தருவதாகச் சொன்னார்கள். முப்பது ஆண்டுகள் அரிசி ஆலையில் பராமரிப்பு வேலை பார்த்து, எலிவேட்டருக்கும் புகைப்போக்கிக்கும் ராடு பிடித்து ஒட்டிய எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நானே செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மிதப்பு அதிக நாள் நிற்கவில்லை.

பக்கத்து நகரத்துக் கடை ஒன்றில் 25,000 ரூபாய்க்குள் வேண்டும் என்று கேட்டபோது, “இருநூறு ஆம்பியர் சார், தண்டவாளத்தையே ஒட்டலாம்” என்றார் விற்பனையாளர். கார் தகட்டை ஒட்டப் போகிறேன் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. எனக்கு எதற்குத் தண்டவாளம் என்று நானும் யோசிக்கவில்லை. ஒட்டும் இடத்தில் காற்றுப் படாமல் காக்கும் வாயு சிலிண்டரே வேண்டாம், மருந்து உள்ளே அடைத்த ஃபிளக்ஸ் கம்பி போதும் என்று அவர் சொன்னது செலவு மிச்சம் என்று தோன்றியதால் அதற்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து துருவைக் கிரைண்டரில் அரைத்தெடுத்து, புதுத் தகட்டைப் பொருத்தி டார்ச்சின் (கம்பி வெளிவரும் கைப்பிடியின்) விசையை அழுத்தியதும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதை அடைக்கப் போனதில் அது பத்து ரூபாய் நாணயம் ஆயிற்று.

காரின் உடல் தகடு பெரும்பாலும் 0.7 முதல் 0.9 மில்லிமீட்டர் வரைதான் கனம் இருக்கும். ஆம்பியர் கூடினால் சூடும் கூடும் என்பதால், அதற்கு 30 முதல் 50 ஆம்பியருக்குள் வைத்து ஒட்ட வேண்டும். நான் வாங்கிய இயந்திரமோ 50-க்குக் கீழே இறங்காது. அந்த விவரம் அட்டைப்பெட்டியில் இல்லை. இயந்திரத்தின் பின்புறத் தகட்டில் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில் இருந்தது. ஃபிளக்ஸ் கம்பி மெல்லிய தகட்டுக்குச் சூடு மிகுந்தது என்பதையும், சாதாரணக் கம்பியை கேஸுடன் ஓட்டும்போது டார்ச் பிளஸிலும், கேஸ் இல்லாத கம்பிக்கு மைனஸிலும் இணைக்கப்பட வேண்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. பிளஸில் விட்டே ஓட்டியிருக்கிறேன். பொறி பறந்து கண்ணாடியில் எல்லாம் ஒட்டிக்கொண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 200 ஆம்பியரை என் வீட்டில் பயன்படுத்தவே முடியாது. 200 ஆம்பியருக்கு ஏறத்தாழ 24 வோல்ட் என்று கணக்கிட்டால் வெளியே வருவது மட்டுமே 4,800 வாட். உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக் 3,450 வாட்டோடு சரி. மாறாக, கார் தகட்டுக்குத் தேவையான 40 ஆம்பியருக்கு 16 வோல்ட் வீதம் 640 வாட்தான் ஆகிறது. இழப்புகளைச் சேர்த்தாலும் ஒரு கிரைண்டர் இழுக்கும் அளவில் நிற்கும். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் ஓடலாம் என்ற ‘டியூட்டி சைக்கிள்’ கணக்கும் இப்படித்தான்: இரும்புக் கேட் செய்கிறவருக்கு அது முக்கியம், புள்ளி புள்ளியாக வைத்து ஆறவிட்டு ஒட்டுகிறவருக்கு அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். மின்னழுத்தம்தான் எங்கள் ஊரில் கவனிக்க வேண்டியது. குறுவைக்குப் பம்புசெட்டுகள் ஓடும் நாட்களில் அது இறங்கிவிடுகிறது என்பதால், இயந்திரம் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். வயலில் மும்முனை இணைப்பு இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். அது விவசாயத்துக்குத் தந்த இலவச மின்சாரம், வெல்டிங்குக்கு அல்ல.

அந்த இயந்திரத்தை ஒரு கேட் பட்டறைக்கு நஷ்டத்துக்கு விற்றேன். அங்கே அது நன்றாகவே உழைக்கிறது. அடுத்ததை வாங்கத் திருச்சிக்குப் போனேன். பெல் நிறுவனமும் அதைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளும் உள்ள ஊர் என்பதால், டார்ச்சின் முனை, வாயு வெளிவரும் நாசில், கம்பி உள்ளே ஓடும் லைனர் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. இம்முறை நான் கேட்டவை வேறு: எத்தனை ஆம்பியருக்கு இறங்கும், 0.6 மில்லிமீட்டர் கம்பிக்கு, அதைத் தள்ளிவிடும் உருளையில் பள்ளம் உண்டா, வோல்ட்டும் கம்பி வேகமும் தனித்தனியாகத் திருப்ப முடியுமா, டார்ச்சைக் கழற்றி மாற்றலாமா. 160 ஆம்பியரோடு நிற்கும், 30 வரை இறங்கும் சிறிய இயந்திரம் ஒன்று அமைந்தது. சிலிண்டர், ரெகுலேட்டர், தானாக இருளும் முகமூடி ஆகியவற்றுக்கு இயந்திரத்தின் விலையில் பாதிக்கு மேல் தனியாக ஆயிற்று என்பதையும் வாங்க நினைப்பவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்கான் கலந்த வாயு மெல்லிய தகட்டுக்குச் சிறந்தது. ஆனால் சிற்றூர்களில் எளிதாகக் கிடைப்பது கோலி சோடாவில் அடைக்கிறார்களே, அந்தக் கரியமில வாயுதான். பொறி சற்று அதிகம் தெறிக்கும், வேலை நடக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வீதம் வரும் வாயு நிற்குமா? காற்றடித்தால் ஒட்டு ரவா தோசை போலத் துளைத்துளையாக வரும். அதற்காகக் கொட்டகையை இறுக மூடிக்கொண்டால் அந்த வாயு தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். பாதி திறந்த கதவும், காற்று வரும் பக்கம் ஒரு தார்ப்பாய் மறைப்பும் எனக்குப் போதுமானதாக இருந்தன. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையையும் விரிப்பையும் வெளியே எடுத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விசையைத் தொட்டேன்.

நான்கு மூலைகளில் ‘டாக்’ என்னும் சிறு பிடிப்பு ஒட்டு வைத்து, எதிரெதிர் பக்கமாக ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்துக்கொண்டு வந்தேன். கம்பி வேகம் சரியாக அமைந்தபோது அப்பளம் பொரிவது போன்ற ஓசை விட்டுவிடாமல் வந்தது. வேகம் கூடினால் கம்பி கையைப் பின்னுக்குத் தள்ளும். குறைந்தால் நுனி உருண்டு முனையில் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கை அகலத் தகட்டுக்கு ஒரு பிற்பகல் ஆயிற்று.

டெல்டா மாவட்டங்களில் இந்த இயந்திரங்களை விற்கும் கடைகள், உச்ச ஆம்பியருக்குப் பக்கத்திலேயே குறைந்தபட்ச ஆம்பியரையும், எந்தக் கனக் கம்பி ஓடும் என்பதையும் அதே அளவு எழுத்தில், தமிழில் எழுதி வைக்க வேண்டும். 0.8 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டு ஒன்றைக் கடையிலேயே வைத்திருந்து, வாங்க வருபவர் ஒருமுறை விசையை அழுத்திப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது. அரசு ஐ.டி.ஐ.களில் வெல்டர் பிரிவும் கருவிகளும் இருக்கின்றன. சனிக்கிழமை பிற்பகல்களில் கட்டணம் வாங்கிக்கொண்டாவது பொதுமக்களுக்கு மெல்லிய தகடு ஒட்டச் சொல்லித்தரலாம். அப்படி ஒரு வகுப்பு தொடங்கினால் முதல் விண்ணப்பம் என்னுடையதாக இருக்கும். காரின் பின்பக்கத் தரை இன்னும் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரிசி ஆலைப் பராமரிப்பாளர்,
திருத்துறைப்பூண்டி.