அப்பாயியின் 5 சென்ட் மனையைத் தானமாக ஏற்று, அறிவொளிப் படிப்பகத்தை மீண்டும் திறக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மறைந்த மூதாட்டியின் பேத்தி மற்றும் வாரிசுதாரர்கள்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.
(பெயர்களும் முழு முகவரியும் இணைப்பில் உள்ளன.)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

நாள்: 08.09.2025

பொருள்: காலஞ்சென்ற மூதாட்டியின் பெயரில் உள்ள நத்தம் மனையை ஊராட்சிக்குத் தானமாக எழுதித் தர அனுமதித்தல் - அதில் உள்ள படிப்பகத்தைப் பழுதுபார்த்துப் பகுதி நேர நூலகமாகத் திறத்தல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். சென்ற ஆண்டு தை மாதத்தில் தமது 93-ஆம் வயதில் காலமான எங்கள் அப்பாயியின் பெயரில், எங்கள் கிராமத்துப் பிள்ளையார் கோயில் தெருவின் கோடியில் 5 சென்ட் நத்தம் மனை உள்ளது. அதில் 1993-ஆம் ஆண்டு ஊரார் கூடிக் கட்டிய, 16 அடிக்கு 12 அடி அளவுள்ள படிப்பகம் இன்று கூரையில்லாமல் நிற்கிறது. அந்த இடத்தை அவர் ஊருக்குக் கொடுத்தது வாய்வார்த்தையாகத்தான். பட்டா இதுவரை மாற்றப்படவில்லை. தனிநபர் பட்டாவில் உள்ள கட்டடத்துக்கு ஊராட்சிப் பணத்தைச் செலவிட வழியில்லை என்று கூறப்பட்டதால், மராமத்துக்கான பேச்சு ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. இந்தச் சிக்கலைத் தீர்த்துத் தருமாறு வேண்டியே இம்மனுவை அளிக்கிறோம். ஐந்து சென்ட் மனைக்கு இத்தனை பக்கம் எதற்கு என்று தோன்றலாம் என்பதால், அந்த இடம் எங்களுக்கும் ஊருக்கும் என்ன என்பதைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த 1948-க்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 15 வயதில் மணமாகி அப்பாயி இந்த ஊருக்கு வந்தார். பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். ஐந்து பிள்ளைகளை அவர் கையில் விட்டுவிட்டு எங்கள் தாத்தா இளம் வயதிலேயே இறந்தபோது, கனகாம்பரமும் மல்லிகையும் பறித்துக் கட்டிக் கீரமங்கலம் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டு சென்று அவர்களை வளர்த்தார். 1968-இல், மூத்த மகளின் திருமணத்துக்காக ஒருவரிடம் 300 ரூபாய் கடன் வாங்கிப் புரோநோட்டில் கைநாட்டு வைத்தார். அந்தத் தாளில் 800 என்று எழுதியிருந்தது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அரை ஏக்கர் கொல்லை அந்தக் கணக்கில் போயிற்று. கொடுத்தவரைப் பற்றி அவர் ஒருநாளும் பழித்துப் பேசி நாங்கள் கேட்டதில்லை. தம் பெருவிரலைத்தான் காட்டித் திட்டுவார்.

இந்த மாவட்டத்தில் 1991-இல் எழுத்தறியாதோருக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அவருக்கு வயது 60. கணக்கெடுக்க வந்த தொண்டர்களின் பட்டியலில் அந்த வயதுக்காரர்களுக்கு இடமில்லை. மருமகளை, அதாவது என் தாயாரை, இரவு வகுப்பில் சேர்த்துவிட்டு, துணைக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டு அரிக்கேன் விளக்கோடு திண்ணையோரம் உட்கார்ந்து அவரும் கற்றார். முதன்முதலில் எழுதிய சொல் ‘பட்டா’ என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1992-இல் முழு எழுத்தறிவு பெற்றதாக இம்மாவட்டம் அறிவிக்கப்பட்டபோது, அந்தக் கணக்கில் சேராமலேயே எழுத்தறிந்தவர்களில் அவரும் ஒருவர்.

அப்போது ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளியோடு சேர்ந்து பெண்கள் மிதிவண்டி பழகியதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். எங்கள் ஊரில் பெண்கள் வண்டி ஒன்றுகூட இல்லை. குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் வண்டியை வாடகைக்கு எடுத்து, பூ விற்ற காசில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி, சேலையை வரிந்து கட்டிக்கொண்ட மருமகளை ஏற்றிவிட்டு, பின்னால் கேரியரைப் பிடித்தபடி பள்ளி மைதானத்தில் ஓடியவர் அந்த 61 வயது மாமியார். ஊரில் சிலர் கேலி பேசினார்கள். மூன்றே மாதத்தில், கேலி பேசிய வீட்டுப் பெண்களும் அந்த மைதானத்துக்கு வந்தார்கள். பிறகு பூக்கூடை தலையிலிருந்து கேரியருக்கு இறங்கியது. சந்தைக்கு எடுத்த நேரம் பாதியாகக் குறைந்தது. என் தாயார் அந்த வண்டியில் என்னை முன்கம்பியில் உட்காரவைத்துத்தான் பள்ளியில் விட்டார்.

வகுப்புகள் முடிந்து தொண்டர்கள் போனபின், கற்ற எழுத்து மறந்துவிடும் என்ற அச்சம் அப்பாயிக்கு இருந்தது. அதனால்தான் தம் மனையைக் கொடுத்தார். ஊரார் செங்கல்லும் ஓடும் கொண்டுவந்தார்கள். தச்சர் கூலி வாங்கவில்லை. சுவரிலேயே சிமெண்டில் கரும்பலகை பூசப்பட்டது. மாலையில் நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பதாகத் தொடங்கி, நாளடைவில் அது பெண்களின் எழுத்தர் அலுவலகம் போலவே ஆகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வரும் கடிதம், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அங்கே வந்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக மொய் நோட்டு. ஆடி மாதம் பிறந்தால் எங்கள் பகுதியில், விருந்து வைத்து மொய் வாங்கி, பின்னர் அதைத் திருப்பிச் செய்யும் மொய் விருந்து நடப்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டின் பல ஆண்டு வரவும் கடனும் அந்த நோட்டில்தான் இருக்கும். கணவரை இழந்த பெண்களிடம், வாங்கியதைக் கூட்டியும் செய்ததைக் குறைத்தும் வாசித்துக் காட்டுவது அந்நாளில் எளிதாக நடந்தது. அப்பாயி அந்த நோட்டுகளை வரி வரியாகப் படித்து, பெயருக்கு நேரே விரலை வைத்துக் காட்டுவார். எவர் வீட்டுக் கணக்கையும் வெளியே பேசியதில்லை என்பதால் பகைத்துக்கொண்டிருந்த வீட்டாரும் அவரிடமே வந்தார்கள். 1996-இல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுடன் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினரானார். தீர்மானப் புத்தகத்தில் படிக்காமல் கையெழுத்திட மறுத்ததால் கூட்டங்கள் நீண்டுவிட்டன என்று அன்றைய உறுப்பினர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியின் தென்னையையும் பலாவையும் சாய்த்தபோது படிப்பகத்தின் ஓடுகளும் பறந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத அந்நாட்களில், 87 வயதில், அந்தக் கூரையற்ற சுவர்களுக்குள் அடுப்பு மூட்டித் தெருவுக்கே கஞ்சி காய்ச்சினார். நிவாரணக் கணக்கெடுப்பில் விடுபட்ட வீடுகளைக் கரும்பலகையில் எழுதிவைத்து, வந்த அலுவலர்களிடம் காட்டினார். அந்த எழுத்துகள் மழையில் கரைந்துவிட்டன. கூரை இன்றுவரை போடப்படவில்லை.

இதற்காக 2024 ஜூலையில் ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அதன்பின் எவரும் இடத்தைப் பார்க்க வரவில்லை. அண்மையில், கட்டடம் பாழடைந்திருப்பதால் இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்துள்ளது. சுவர்களும் அடித்தளமும் உறுதியாகவே உள்ளன. ஒரு பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லும் வரையிலாவது இடிப்பை நிறுத்திவைக்க வேண்டுகிறோம்.

அப்பாயியின் பிள்ளைகள் ஐவருள் இன்று இருக்கும் மூவரும், மறைந்த இருவரின் வாரிசுகளும், மனையை எவ்வித விலையுமின்றி ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டுள்ளோம். வாரிசுச் சான்றிதழும் பெற்றுவிட்டோம். எனவே வட்டாட்சியர் வழியாக இடத்தை அளந்து, தானத்தை ஏற்று, பட்டாவை ஊராட்சியின் பெயருக்கு மாற்ற ஆணையிடுமாறு வேண்டுகிறோம். முத்திரைத் தீர்வையிலும் பதிவுக் கட்டணத்திலும் விதிகள் இடங்கொடுக்கும் சலுகை இருப்பின் அதையும் வழங்கக் கோருகிறோம். அதன்பின் கூரை அமைத்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவின் பொறுப்பில் பகுதி நேர நூலகமாகத் திறக்கலாம். எங்கள் ஊரார் வீட்டு வரியுடன் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் செலுத்தி வருகிறார்கள் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறோம். எழுத்தறியாத முதியோர், குறிப்பாக நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்கள், இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் மாலை வகுப்பு ஒன்றை அங்கேயே நடத்தினால், கற்பிக்க நானும் என் சித்தப்பா மகளும் ஊதியமின்றி ஆயத்தமாக இருக்கிறோம். வயது வரம்பு பார்க்காமல் சேர்க்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் நிபந்தனை.

நூலகத்துக்கு அப்பாயியின் பெயரைச் சூட்ட வேண்டும் என ஊரில் சிலர் கேட்கிறார்கள். அது கிராம சபை தீர்மானிக்க வேண்டியது. குடும்பத்தார் அதை வற்புறுத்தவில்லை. மராமத்தின்போது சுவரில் உள்ள அந்தச் சிமெண்டுக் கரும்பலகையை மட்டும் பெயர்க்காமல் விட்டுவிடுமாறு ஒப்பந்ததாரருக்கு அறிவுறுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மறைந்தவரின் பேத்தியும் வாரிசுதாரர்களும்

இணைப்பு: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நத்தம் பட்டா நகல், வாரிசுகளின் ஒப்புதல் கடிதம், கட்டடத்தின் புகைப்படங்கள், ஊரார் 212 பேரின் கையொப்பங்கள் (கைநாட்டு வைத்தோர் 19 பேர் உட்பட).