கால் ஊன்றினால் ஒரு நொடி

ஹமாமட்சு, ஜப்பான்,
மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அங்கே அம்மா, அண்ணி, குட்டி எல்லோரும் நலம்தானே? போன வாரம் போனில் அம்மாவின் குரலே சரியில்லை. "பைக் ரேஸ் நடத்துகிறாயாமே" என்று ஆரம்பித்தவள், என்னைப் பதில் சொல்லவே விடவில்லை. அவளிடம் யார் வத்தி வைத்தது என்று எனக்குத் தெரியும், அது கிடக்கட்டும். போனில் விளக்கப் போனால் பாதியில் அழுகை வந்துவிடும், அவளுக்கோ எனக்கோ. அதனால்தான் எழுதுகிறேன். சாவகாசமாக உட்கார வைத்துப் படித்துக் காட்டு. நடுவில் ஒரு பத்தியை மட்டும் தாண்டிவிடு. எந்தப் பத்தி என்று அங்கே வரும்போது சொல்கிறேன்.

அம்மா, நாங்கள் நடத்துவது ரேஸ் இல்லை, தரையில் வைத்த கூம்புகளைச் சுற்றி நிதானமாக ஓட்டிக் காட்டும் போட்டி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் ஓடும். முதல் கியர், அதை விட்டால் இரண்டாவது. அதற்கு மேல் போட இடமே கிடையாது. ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, முழங்கை, முழங்கால், மார்புக்குக் காப்பு, இவ்வளவும் மாட்டாமல் யாரும் உள்ளே வர முடியாது. போட்டியின் ஒரு பகுதியில் கடைசியாக வருபவருக்குத்தான் பரிசு. எங்களைச் சின்ன வயதில் சைக்கிளில் மெதுவாக ஓட்டும் போட்டிக்கு நீயேதானே அனுப்பி வைத்தாய்? அதேதான் இது. இங்கே அதற்கு ஒசோநோரி என்று பெயரே இருக்கிறது, 'மெதுவாக ஓட்டுவது' என்று அர்த்தம்.

சரி அண்ணா, இனி உனக்கு.

நான் இருக்கும் ஊர் எப்படிப்பட்டது என்று உனக்குச் சொன்னதே இல்லை. ஹோண்டா நிறுவனம் 1948-ல் தொடங்கியது இந்த ஹமாமட்சுவில்தான். சுஸுகியின் தலைமையகமும் இங்கேதான். யமஹா மோட்டார் பக்கத்து இவாதாவில். எங்கள் தொழிற்சாலையில் பாதிப்பேர் ஏதோ ஒரு வண்டியின் ஏதோ ஒரு பாகத்தை அளந்துகொண்டிருக்கிறோம். அளக்கிற நாங்களோ பஸ்ஸில் போகிறோம். இரவு ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு அந்தப் பஸ்ஸும் இல்லை. அதனால்தான் வண்டி வாங்க நினைத்தேன். நம் நாட்டு உரிமத்தை இங்கே மாற்றிக்கொள்ள வழி உண்டு, ஆனால் எழுதவும் வேண்டும், ஓட்டிக் காட்டவும் வேண்டும். என் உரிமமோ கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது. பேசாமல் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். 400 சிசி வரை ஓட்டுகிற உரிமத்துக்கு, வேறு எந்த உரிமமும் கையில் இல்லாதவர் மைதானத்தில் 19 மணி நேரம் பழக வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை வருடம் நம் ஊர் நெரிசலில் ஓட்டியவளுக்கு 19 மணி நேரமா?

முதல் நாள் வண்டியில் ஏறவே விடவில்லை. ஏறக்குறைய 200 கிலோ எடையுள்ள வண்டியைத் தரையில் சாய்த்து வைத்து, தூக்கி நிறுத்து என்றார்கள். கையால் இழுத்தேன், அசையவில்லை. இடுப்பை வண்டியோடு ஒட்டி, காலால் தரையைத் தள்ளு என்றார் பயிற்சியாளர். நாலாவது முறை எழுந்து நின்றது.

அப்புறம் வந்தது இப்போன்பாஷி. ஒற்றைப் பாலம் என்று சொல்லலாம். 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். ஐந்து சென்டிமீட்டர் என்றால் நம் வாசற்படி அளவு கூட இல்லை. அதன் மேல் ஓட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 7 நொடிக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெரிய வண்டி உரிமம் என்றால் 10 நொடி. வேகமாகக் கடந்தால் மதிப்பெண் குறையும். பலகையை விட்டு இறங்கினாலோ காலை ஊன்றினாலோ தேர்வு அங்கேயே முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். கணக்குப் போட்டுப் பார், மணிக்கு எட்டு கிலோமீட்டர் கூட இல்லை. மெல்ல ஓடுகிறவர் கூட நம்மைத் தாண்டிப் போய்விடுவார்.

தேர்வில் நான் நாலு நொடியில் விழுந்தேன்.

உனக்குத் தெரியும், நம் தெருவில் என்னளவுக்கு வண்டி ஓட்டுகிறவள் யாரும் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தவள். நடந்தது என்ன தெரியுமா? வேகம் இருந்தால் வண்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். நான் இத்தனை வருடம் ஓட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருந்த பாதியை வண்டிதான் ஓட்டியிருக்கிறது. வேகம் போனதும் ஒவ்வொரு நொடியும் ஹேண்டிலை இம்மி இம்மியாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி நாம்தான் நிறுத்தி வைக்க வேண்டும். கிளட்ச்சைப் பாதியில் பிடித்து, ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் குறைக்க வேண்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் தீர்ந்தது. வளைகிற பக்கமாக வண்டி தொப்பென்று படுத்துவிடும். கண் பலகையின் கடைசி முனையில் இருக்க வேண்டும், சக்கரத்தைப் பார்த்தால் போச்சு. இதெல்லாம் எனக்கு யாரும் சொன்னதில்லை. நீ சொன்னது ஒன்றே ஒன்று: "பயந்தால் காலை ஊன்று." அதையே செய்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது தேர்வில் 8 நொடி. உரிமம் கிடைத்தது. ஒரு 250 சிசி பழைய வண்டி வாங்கினேன். 250 சிசிக்கு மேல் போனால்தான் குறிப்பிட்ட ஆண்டுக்கொருமுறை அரசுப் பரிசோதனை, செலவு. என் கைக்கு இதுதான் தாங்கும்.

(அடுத்த பத்தியை அம்மாவுக்குப் படிக்காதே.)

உரிமம் வாங்கி ஆறு மாதம் கழித்து, பெட்ரோல் பங்கில் திரும்பும்போது நின்ற இடத்திலேயே விழுந்தேன். வேகம் பூஜ்யம். முழங்காலில் ஒரு நீலம், கண்ணாடி ஒன்று உடைந்தது, அவ்வளவுதான். இப்படி நின்றபடியே விழுவதற்கு இங்கே தனிச் சொல் உண்டு, தாச்சிகொகே. எனக்கு வலியை விட வெட்கம்தான் அதிகம். மறுநாள் மதிய இடைவேளையில் சொன்னேன். சுற்றி இருந்த ஆறு பேரில் நாலு பேர் தாங்களும் விழுந்ததாகச் சொன்னார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி! ஒருவர் இருபது வருடமாக ஓட்டுகிறார், மனைவிக்குக் கூடச் சொல்லவில்லையாம். உரிமம் வாங்கிய பிறகு அந்தப் பலகையில் யாராவது ஏறினீர்களா என்று கேட்டேன். ஒருவரும் இல்லை.

(இனிப் படிக்கலாம்.)

இங்கே மோட்டோ ஜிம்கானா என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. தரையில் கூம்புகளை வைத்து, ஒவ்வொருவராக அவற்றைச் சுற்றி வளைந்து ஓட்டி நேரம் பார்ப்பது. பெயரைக் கேட்டதும் எனக்குச் சென்னை ஜிம்கானா கிளப்தான் ஞாபகம் வந்தது. தேடிப் பார்த்தால் சொல்லே நம் நாட்டில் பிறந்ததுதான். பம்பாய் ஜிம்கானா 1875, சென்னையில் 1884. வெள்ளைக்காரர்கள் குதிரைத் திறமை விளையாட்டுக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போக, அது காருக்கும் பைக்குக்கும் ஒட்டி, சுற்றி வளைத்து ஜப்பானில் என் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு முன்னாலேயே வெளிநாடு போன சொல்!

அதைப் பார்க்க ஒருமுறை போனோம். வண்டியைத் தரையோடு தரையாகச் சாய்த்து, ஹேண்டில் முட்டுகிற வரை திருப்பி, ஒரு கூம்பை அவர்கள் சுற்றுகிற அழகே அழகு. ஆனால் அந்த ஆட்களோடு நாங்கள் சேர்ந்தால் கேலிக்கூத்துதான். இங்கே போலீஸ்காரர்களுக்கு வெள்ளை பைக் உண்டு, அவர்களுக்கும் ஹிதாச்சினாகாவில் தேசிய அளவில் திறமைப் போட்டி நடத்துகிறார்கள். அதுவும் நமக்கானது இல்லை. வேலைக்குப் போய் வருகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள், தாச்சிகொகேயை மறைக்கிறவர்கள், இவர்களுக்கு என்று ஒன்று வேண்டும் என்றேன். என் பக்கத்து மேசை பிரேசில் தோழி (இந்த ஊரில் பிரேசில்காரர்கள் நிறைய) உடனே ஒரு நோட்டை எடுத்தாள். வாய் என்னுடையது, வேலை அவளுடையது, இதை நீ ஊகித்திருப்பாய்.

இடம் கிடைக்க நாலு மாதம் ஆயிற்று. வண்டி நிறுத்துமிடம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு "கொஞ்சம் கஷ்டம்" என்றார்கள். இங்கே அப்படிச் சொன்னால் முடியாது என்று அர்த்தம். எனக்கு அது புரியவே இரண்டு மாதம். கடைசியில் ஓர் ஓட்டுநர் பள்ளி, தன் விடுமுறை நாளில் மைதானத்தைத் தரச் சம்மதித்தது. எங்கள் பன்னிரண்டு பக்கத் திட்டத்தைப் புரட்டிவிட்டு உரிமையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எண்ணெய் சிந்தினால் யார் துடைப்பது?" நான் என்றேன். அதற்கு அப்புறம் ஒருநாள் காப்பீடு, அடிபட்டால் தூக்கிப் போக ஒரு கார், முதலுதவி தெரிந்த இருவர், ஆளுக்கு ஓர் உறுதிமொழிக் கடிதம். சுற்றியுள்ள 23 வீடுகளுக்கும் போய்க் குனிந்து வணங்கி, மூன்று மணிக்கு முடித்துவிடுவோம், வெறுமனே எஞ்சினை உறும விடமாட்டோம் என்று எழுதிய தாளைக் கொடுத்தோம். முதல் ஐந்து வீட்டில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசி ஐந்து வீட்டில் நானே பேசினேன்.

பிப்ரவரி 11, இங்கே பொது விடுமுறை. 19 பேர் வந்தார்கள். இந்த ஊர்க் குளிர்காலக் காற்றைப் பற்றி எல்லோரும் எச்சரித்திருந்தார்கள், கராக்கஸே என்பார்கள். அது ஒன்பது மணிக்கே வந்து கூம்புகளை உருட்டிக்கொண்டு போனது. இரண்டு பேர் கூம்புகளைத் துரத்த, மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கூம்புகளுக்கு உள்ளே வைத்தார்கள். போட்டிக்கு முன் எல்லோரும் வரைபடத்தோடு பாதையை நடந்து மனப்பாடம் செய்வது வழக்கம். சிவப்புக் கூம்பு என்றால் அது வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்ற வேண்டும், நீலம் என்றால் இடக்கைப் பக்கம். பெரிய மனிதர்கள் பத்தொன்பது பேர் இல்லாத ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, வாயால் முணுமுணுத்தபடி காற்றில் வளைந்து வளைந்து நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

நாங்கள் வைத்த விதி இதுதான். இப்போன்பாஷிக்குத் தனிப் பரிசு, அதிக நேரம் எடுத்தவருக்கு. கூம்புப் பாதையில் ஆளுக்கு இரண்டு சுற்று. கூம்பைத் தொட்டால் ஒரு நொடி கூடும், கால் ஊன்றினாலும் ஒரு நொடி. பாதை தவறினால் அந்தச் சுற்று கணக்கில் இல்லை. வேகமானவருக்கு ஒரு பரிசு. முதல் சுற்றுக்கும் இரண்டாவது சுற்றுக்கும் நடுவே அதிகம் முன்னேறியவருக்கு அதைவிடப் பெரிய பரிசு. இந்த இரண்டாவதில்தான் தகராறு. முதல் சுற்றை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிவிட்டால்? பிரேசில் தோழி கேட்டாள். எனக்குத் தோன்றவே இல்லை! அதனால் இரண்டாவது சுற்று, அன்றைய சிறந்த நேரத்தின் ஒன்றரை மடங்குக்குள் இருக்க வேண்டும் என்று சேர்த்தோம். முழுத் தீர்வு இல்லை, ஆனாலும் யாரும் ஏமாற்றவில்லை.

விடிகாலையில் சூப்பர் கப் என்கிற சின்ன ஹோண்டா வண்டியில் பத்திரிகை போடுகிற ஒரு பெரியவர் வந்திருந்தார். நாற்பது வருட அனுபவம். அவர்தான் ஜெயிப்பார் என்று எல்லோரும் சொன்னோம். வளைவெல்லாம் வெண்ணெய் மாதிரிதான் போனார். ஆனால் கூம்பை நெருங்கும்போதெல்லாம் இடது கால் தானாகத் தரையைத் தொட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஊன்றி ஊன்றிப் பழகிய கால். ஏழு முறை, ஏழு நொடி. தாளைப் பார்த்துவிட்டு, "இது கால் இல்லை, நாற்பது வருஷம்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாவது சுற்றில் இரண்டே முறை. முன்னேற்றப் பரிசு அவருக்குத்தான். வேகப் பரிசு 125 சிசி ஸ்கூட்டரில் வந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு. 1000 சிசி வண்டியோடு வந்தவர் மூன்று கூம்புகளைச் சாய்த்தார், பாவம்.

இரண்டு பேர் விழுந்தார்கள், நின்ற இடத்தில். அடி இல்லை. விழுந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள், நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபது வருடமாக மனைவியிடம் மறைத்தவர்தான் அதில் ஒருவர். மனைவி வேலி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எத்தனையாவது என்று கேட்பாய். பதினாலாவது. இப்போன்பாஷியில் மட்டும் 13 நொடி, இரண்டாவது இடம். எண்ணெய் எங்கேயும் சிந்தவில்லை, இருந்தாலும் துணியோடு ஒருமுறை மைதானத்தைச் சுற்றி வந்தேன். அடுத்தது மே மாதம்.

நேரம் கிடைத்தால் ஒன்று செய். ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து, தரையில் சாக்பீஸால் 15 மீட்டருக்கு இரண்டு கோடு போடு, நடுவே 30 சென்டிமீட்டர். குட்டியைக் கடிகாரம் பார்க்கச் சொல். எத்தனை நொடி என்று எனக்கு எழுது. கால் ஊன்றினால் அதையும் மறைக்காமல் எழுது, ஒன்றுக்கு ஒரு நொடி கழித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை