சொன்னவன் யார் என்று கேட்காதீர்கள்: அவுஸ்திரேலியச் சட்டமா அதிபருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சட்டமா அதிபர் அவர்களுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன், வரி கட்டுகிறேன், தேர்தலுக்குத் தேர்தல் வரிசையில் நின்று வாக்களிக்கிறேன். இதைத் தமிழில் எழுதுவதற்கு மன்னியுங்கள். சொல்ல வந்ததில் பாதி எனக்கு ஆங்கிலத்தில் வராது. உங்கள் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளருக்குப் பஞ்சமிருக்காது என்று நம்புகிறேன்.

2024 மே 14 அன்று இராணுவ இரகசிய ஆவணங்களை ஊடகத்துக்குக் கொடுத்த டேவிட் மக்பிரைட் என்ற முன்னாள் இராணுவச் சட்டத்தரணிக்குக் கன்பரா நீதிமன்றம் 5 ஆண்டு 8 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அன்று இரவு செய்தி பார்த்துக்கொண்டிருந்த என் மகன், “அம்மா, இந்த ஆள் ஹீரோவா, துரோகியா?” என்று கேட்டான். உடனே பதில் சொல்ல முடியவில்லை. துரோகி என்ற சொல்லை அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டு ஆட்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்ட ஊரில் வளர்ந்தவள் நான். அதைச் செய்தவர்கள் வேற்று நாட்டு இராணுவத்தினர் அல்ல, எங்கள் பிள்ளைகள்தான். அதனால் அந்தச் சொல் காதில் விழுந்தாலே எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். ஹீரோ என்ற சொல்லிலும் பெரிய நம்பிக்கை இல்லை. அவனுக்கு அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

மக்பிரைட்டைப் பற்றிய நல்லது கெட்டது இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஆப்கானிஸ்தானில் இரண்டு தடவை கடமையாற்றியவர். 235 ஆவணங்களை அலுவலகத்திலிருந்து எடுத்தார். அவற்றில் 207 இரகசியம் என்று முத்திரையிடப்பட்டவை. அவற்றை வீட்டில் பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்திருந்தார். இராணுவத்துக்குள்ளேயே முறையிட்டுப் பார்த்தார், பலன் இல்லை. பிறகு பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார். 2017 ஜூலையில் அவுஸ்திரேலியாவின் அரச ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி அவற்றை வெளியிட்டது. நிராயுதபாணிகள் கொல்லப்பட்ட சம்பவங்கள் அதில் இருந்தன. ஒரு தகப்பனும் அவரது சிறு மகனும் தங்கள் வீட்டுக்குள்ளேயே சுடப்பட்டதும் இருந்தது.

ஆனால் அவரைக் கொண்டாடுகிறவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகிற ஒரு விஷயம் உண்டு. அவர் முதலில் மனம் குமுறியது கொல்லப்பட்ட ஆப்கானியருக்காக அல்ல. மேலதிகாரிகள் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளக் கீழேயுள்ள வீரர்களை அளவுக்கு மீறி விசாரணைக்குள் இழுக்கிறார்கள் என்பதே அவரது ஆதங்கம். ஆவணங்களைப் படித்த பத்திரிகையாளர் அவற்றில் கண்டதோ வேறு. கொடுத்தவர் காட்ட நினைத்ததும் நாடு கண்டதும் ஒன்றல்ல.

இதைச் சொல்லும்போது எனக்கு ஏமாற்றமே வரவில்லை. காரணம் செம்மணி.

1996 செப்டெம்பர் 7. உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் பாடம். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் எழுதினேன். சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி இன்னொரு மண்டபத்தில் அதே வினாத்தாளை எழுதினாள். வீடு திரும்பும் வழியில் செம்மணிக் காவலரணில் இராணுவத்தினர் அவளை மறித்தார்கள். அவளைத் தேடிப் போன தாயும், தம்பியும், அயலவர் ஒருவரும்கூடத் திரும்பவில்லை. நாற்பத்தைந்து நாட்கள் கழித்து நால்வரும் புதைகுழியிலிருந்து எடுக்கப்பட்டார்கள். யாழ்ப்பாணத்துக்குள் நுழைகிறபோது வரும் அந்த உப்புவெளியைச் சைக்கிளில் கடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒதுங்க ஒரு மரநிழல்கூடக் கிடையாது.

வழக்கு கொழும்பில் நடந்தது. 1998 ஜூலை 3 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களில் ஒருவன் லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ. தீர்ப்புக்கு முன் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது அவன் வாயைத் திறந்தான். செம்மணியில் முந்நூறு, நானூறு உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன, இடத்தைக் காட்டுகிறேன் என்றான். அதுவரை ஓர் இராணுவம் முழுவதும் காத்துவந்த இரகசியம் அது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருந்தா. அவவுடைய மகன் 1996 நடுப்பகுதியில் கோடுபோட்ட சேட்டுடன் சைக்கிளில் போனவன், வரவில்லை. போகாத முகாம் இல்லை, கொடுக்காத மனு இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை. ராஜபக்ஷவின் வாக்குமூலம் உதயனில் வந்த அன்று பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு மாமி சொன்னது இது: “படுபாவிதான். ஆனா இத்தனை பேரில அவன் ஒருத்தன்தானே வாயத் திறந்தவன்.”

அவன் ஏன் திறந்தான்? மனச்சாட்சி உறுத்தியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டளையிட்டவர்கள் வெளியே உலாவ, தான் மட்டும் தூக்குக்குப் போவதா என்ற கோபமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அவனுக்கு நான் ஒருபோதும் நன்றி சொல்லமாட்டேன். கிருஷாந்திக்குச் செய்ததற்கு அவன் சிறையிலேயே இருக்கட்டும். ஆனால் 1999 இல் அவன் காட்டிய இடங்களைத் தோண்டியபோது பதினைந்து பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் இருவர் 1996 இல் காணாமற்போனவர்கள் என்று அடையாளம் காணப்பட்டார்கள். பொல்லாதவன் வாயிலிருந்து வந்த சொல்தான், மண்ணோ அதை மெய் என்றது.

சட்டமா அதிபர் அவர்களே, மக்பிரைட்டையும் ராஜபக்ஷவையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று தயவுசெய்து எண்ணவேண்டாம். ஒருவர் கொலையே செய்யாத சட்டத்தரணி, மற்றவன் கொலைக் குற்றவாளி. நான் ஒப்பிடுவது ஆட்களை அல்ல, நாம் கேட்கிற கேள்வியை. ஒரு சிப்பாய் இரகசியத்தை உடைத்தால் அவன் நல்லவனா கெட்டவனா, விளம்பரத்துக்காகச் செய்தானா, ஆத்திரத்தில் செய்தானா என்று வாரக்கணக்கில் பேசுகிறோம். அவன் சொன்னது உண்மையா, அதை மறைத்தவர்கள் யார் என்று கேட்கும் நேரம் வரும்போது எல்லோருக்கும் களைத்துவிடுகிறது.

மக்பிரைட்டின் வீட்டுக் கதையே இதற்கு உதாரணம். அவரது தந்தை வில்லியம் மக்பிரைட் சிட்னியில் மகப்பேற்று மருத்துவர். தலிடோமைட் மாத்திரை சாப்பிட்ட தாய்மாருக்குக் குறைபாடுள்ள குழந்தைகள் பிறப்பதை 1961 இல் லான்செட் மருத்துவ இதழுக்கு எழுதி உலகை எச்சரித்தவர்களில் ஒருவர். அதே மனிதர் பின்னாளில் இன்னொரு மருந்தைப் பற்றிய ஆய்வில் தரவுகளைப் பொய்யாக்கினார் என்று கண்டறியப்பட்டு 1993 இல் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். அதனால் தலிடோமைட் நல்ல மருந்தாகிவிட்டதா?

உங்கள் தரப்பு வாதத்தையும் நான் அறிவேன். ஒவ்வொரு சிப்பாயும் எதை வெளியிடலாம் என்று தானே முடிவெடுக்கத் தொடங்கினால் இராணுவம் இராணுவமாக இருக்காது. உண்மைதான். நாளை எந்தப் பாதையால் வாகனங்கள் போகின்றன, எதிரி முகாமுக்குள் நமக்குத் தகவல் தருபவர் யார் என்பவை வெளியே போனால் உயிர் போகும். அமெரிக்காவில் ஜாக் டெஷேரா என்ற தேசியக் காவல்படை இளைஞன் உக்ரேன் போர் பற்றிய உச்ச இரகசியங்களை இணைய நண்பர்களிடம் தம்பட்டம் அடிக்க அள்ளிக் கொட்டினான். 2024 நவம்பரில் அவனுக்குப் 15 ஆண்டுகள் கிடைத்தன. எந்தக் கொலையையும் அவன் வெளிக்கொணரவில்லை, எந்தப் பொய்யையும் உடைக்கவில்லை. அவனுக்காக நான் ஒரு வரிகூட எழுதமாட்டேன்.

ஆனால் அந்த வேறுபாட்டைப் பார்க்க உங்கள் நீதிமன்றத்துக்கு வழியே விடப்படவில்லை. 2023 நவம்பரில், இராணுவத்தினரின் கடமை என்பதற்குள் பொதுநலனுக்காகக் கட்டளையை மீறுவது அடங்காது என்று நீதிபதி தீர்மானித்தார். மக்பிரைட் தன் வாதத்துக்குக் காட்ட நினைத்த சில ஆவணங்களைத் தேசியப் பாதுகாப்பின் பெயரால் அகற்றும்படி கேட்டது அரச தரப்பு. அவை அகற்றப்பட்டன. கையில் ஏதும் மிஞ்சாத நிலையில்தான் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு ஜூரிகள் முன்னால் அந்த 235 ஆவணங்களில் எவை மறைக்கத் தகுந்தவை, எவை மறைக்கவே கூடாதவை என்ற கேள்வி எழவே இல்லை. வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, இவன் பேசவில்லையே, ஆகவே குற்றவாளி என்பதுபோல இருக்கிறது இது. 2025 மே மாதம் மேன்முறையீடும் தள்ளுபடியானது.

எனக்கு விளங்காத இன்னொன்று. 2019 ஜூனில் மத்திய பொலிஸார் சிட்னியில் ஏபிசி அலுவலகத்துக்குள் புகுந்து கணினிகளைத் துழாவினார்கள். அடுத்த ஆண்டு, அந்தச் செய்தியை எழுதிய பத்திரிகையாளர்மீது வழக்குத் தொடுப்பது பொதுநலனுக்கு அவசியமில்லை என்று வழக்குத்தொடுநர் அலுவலகமே முடிவுசெய்தது. நல்லது, சரியான முடிவு. ஆனால் வெளியிட்டவரைத் தண்டிப்பது பொதுநலனுக்கு வேண்டாமென்றால், அவர் கையில் கொடுத்தவரைத் தண்டிப்பதில் மட்டும் என்ன பொதுநலன்?

ஆப்கானிஸ்தானில் அவுஸ்திரேலியப் படையினர் செய்ததாகச் சொல்லப்பட்ட கொலைகளை ஆராய்ந்த பிரெரெட்டன் விசாரணை மக்பிரைட்டால் வந்ததல்ல. ஒளிபரப்புக்கு முந்திய ஆண்டே அது தொடங்கிவிட்டது. இதை நேர்மையாகச் சொல்லவேண்டும். 2020 நவம்பரில் வெளியான அதன் அறிக்கை 39 ஆப்கானியர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், 25 அவுஸ்திரேலியப் படையினருக்கு அதில் பங்கு என்று நம்பகமான தகவல் இருப்பதாகச் சொன்னது. புதிய வீரருக்கு முதல் கொலை அனுபவம் தரக் கைதியைச் சுடவைத்ததும், இறந்தவரின் பக்கத்தில் ஆயுதத்தைப் போட்டுவைத்ததும் அதில் உண்டு. படைத்தளபதி ஆப்கான் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். இப்படியான அறிக்கை எந்த நாட்டிலும் எளிதில் வராது. இலங்கையிலிருந்து வந்தவளாக அதை வியப்புடன்தான் படித்தேன். என்றாலும் மக்பிரைட் சிறைக்குள் போன அந்த நாளில் அந்த 39 உயிர்களுக்காக எவரும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை. அந்தப் போரின் இரத்தக் கறையோடு தொடர்புபட்டு முதலில் கதவு பூட்டப்பட்டது காகிதம் கொடுத்தவர்மீதுதான்.

உள்ளேயே முறையிட வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மாமி மனுக் கொடுத்த இடங்களிலும் வழி இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, மனுவை வாங்கிவைக்க ஒரு எழுதுவினைஞரும் இருந்தார்.

நான் கேட்பது மாலை மரியாதை அல்ல. மக்பிரைட்டுக்குச் சிலை வைக்கவும் வேண்டாம். நாட்டின் பாதுகாப்புத் தாள்களைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தது கவலையீனம் என்று ஒரு ஜூரி கருதினால் கருதட்டும். ஆனால் ஜூரி முழுக்கதையையும் கேட்டபின் கருதட்டும். கனடாவின் இரகசியச் சட்டத்தில், இரகசியத்துக்கு வாழ்நாள் முழுவதும் கட்டுப்பட்டவருக்குக்கூடப் பொதுநல எதிர்வாதம் வைக்க இடம் இருக்கிறது. நிபந்தனைகள் கடுமையானவைதான், ஆனால் கதவு இருக்கிறது. அமெரிக்காவில் ஒபாமா 2009 இல் பிறப்பித்த ஆணை, சட்டமீறலை மறைப்பதற்காக எந்தத் தகவலையும் இரகசியம் என்று வகைப்படுத்தக்கூடாது என்கிறது. அவர்கள் அதை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. எழுத்திலாவது இருக்கிறது. இந்த இரண்டையும் நம் சட்டப் புத்தகத்தில் ஏற்ற உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. மக்பிரைட்டைப் பொறுத்தவரை, ஆளுநர் நாயகத்திடம் மன்னிப்புக்குப் பரிந்துரையுங்கள். கிழக்குத் திமோர் அரசின் பேச்சை அவுஸ்திரேலிய உளவுத்துறை ஒட்டுக்கேட்ட விவகாரத்தில் சட்டத்தரணி பெர்னார்ட் கொலேரி மீதான வழக்கை 2022 ஜூலையில் உங்கள் பதவியில் இருந்தவர் ஒரு கையெழுத்தில் முடித்துவைத்தார். அந்தப் பேனா இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். 2025 பெப்ரவரியில் செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்ட வெட்டியபோது மறுபடியும் எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழந்தைகளுடையவையும் உண்டு. ஒரு நீலநிறப் புத்தகப்பையும் பொம்மையும் கிடைத்தன. 1998 இல் கூண்டில் நின்று ஒருவன் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்தார்கள். அவனது தராதரத்தைப் பார்த்தீர்களா, இவன் பேச்சை நம்புவதா என்று. 1999 இல் பதினைந்தோடு நிறுத்தினார்கள். அந்தப் பதினைந்து பேருக்காக எவரும் தண்டிக்கப்படவுமில்லை.

கண்டெடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் ஓகஸ்ட் மாதம் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள், யாராவது அடையாளம் காட்டக்கூடும் என்று. மாமி இப்போது இல்லை. மகள்தான் போய்ப் பார்த்தாள். அன்றிரவு என்னை அழைத்தாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தம்பியின் கோடுபோட்ட சேட் அங்கே இல்லை அக்கா, இன்னும் கிண்டுகினமாம் என்றாள்.

இப்படிக்கு,
சிட்னியிலிருந்து ஒரு குடிமகள்