வீணையைக் கொடுத்துவிடாதே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி விட்டபாடில்லை, ஆனாலும் விடிந்ததும் பூப்பறிக்கக் கிளம்பிவிடுகிறார். மகளுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். வீடு பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு வந்தோம். மற்ற சேதியெல்லாம் அப்புறம். வீணையைக் கற்றுக்கொள்கிற பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கடைசியில் எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொடுக்காதே.

கொலுவில் வாசித்தபோது சுருதியே சேரவில்லை, மேல் ஸ்தாயிக்குப் போகப் போக அபஸ்வரமாகக் கேட்டது என்கிறாய். சரி, வீணைக்குப் பழைய மெழுகை மாற்றி, ஸ்வரம் சரிபார்த்து மேளம் கட்டி எத்தனை வருடம் ஆகிறது? அப்பா போனபின் யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டாய். தந்தியை அழுத்தி வாசிக்கிற அந்த இருபத்துநான்கு மெட்டும் மெழுகின்மேல்தானே உட்கார்ந்திருக்கின்றன! வெயில் காலத்தில் மெழுகு இளகும், மெட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் போதும், ஸ்வரம் பேசாது. போன வருடம் என் வீணைக்கு மேளம் கட்டியதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். வந்தவர் பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மெழுகு வைத்தார். ஒவ்வொரு மெட்டாகப் பதித்து, தந்தியை மீட்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டு, கட்டைவிரலால் மயிரிழை தள்ளி, மறுபடி மீட்டி... காலையில் ஆரம்பித்தவர் முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அதன்பிறகு அந்த வீணையில் அந்தர காந்தார ஸ்வரம் கேட்ட விதமே வேறு. நீ உன் கையைத்தான் குறை சொல்கிறாய். பாதிக் குறை மெழுகில் இருக்கலாம்.

மீதிப் பாதியைப் பற்றியும் சொல்கிறேன். இத்தனை வருடம் நீ வாசிக்கவில்லையே தவிர, கேட்பதை நிறுத்தவே இல்லை. மார்கழி தோறும் கச்சேரி, சமைக்கும்போதுகூட ரேடியோ. உன் காது எங்கேயோ போய்விட்டது, கை மட்டும் விட்ட இடத்தில் நிற்கிறது. சின்ன வயதில் தப்பாக வாசித்தால் டீச்சர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். இப்போது உனக்கே தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. ஞானம் போய்விட்டது என்று நீ எழுதியிருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஞானம் இருப்பதால்தான் இந்த வேதனை.

கையைப் பழக்கிவிடலாம். ஆனால் எடுத்த எடுப்பில் பைரவி அட தாள வர்ணம் மாதிரிக் கஷ்டமான உருப்படியில் கைவைக்காதே. நீ அங்கேதான் போவாய், எனக்குத் தெரியும். மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசை, மெதுவாக முதல் காலத்தில், அது மட்டும் போதும். இடதுகை விரல் நுனியில் காய்ப்பெல்லாம் கரைந்திருக்கும், தந்தி அறுக்கும். எண்ணெய் தொட்டுக்கொள்ளப் பக்கத்தில் பஞ்சு வைத்துக்கொள். எரிச்சல் எடுத்தால் நிறுத்திவிடு, மறுநாள் பார்க்கலாம். ஆசை வந்ததும் உட்காரலாம் என்று மட்டும் காத்திருக்காதே. என் விஷயத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஆசை வந்தது, அதுவும் தினமும் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் வேகமான மூன்றாம் காலத்தில் மளமளவென்று வாசிக்கிறாள் என்கிறாய். வாசிக்கட்டும், நன்றாக இருக்கட்டும். வீணைக்கு வேகம் மட்டும்தானா அழகு? வீணை தனம்மாளை நினைத்துப்பார் (1867–1938). ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வாசிப்பார். மைக் கிடையாது. பெரிய பெரிய வித்வான்களெல்லாம் தேடிவந்து மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். நிதானமான வாசிப்புக்குப் பேர்போனவர். பரதநாட்டியம் ஆடிய பேத்தி பாலசரஸ்வதி அந்த வீட்டுச் சங்கீதத்தில் வளர்ந்தவர்தான். ஓர் அறைக்குள், நாலு பேருக்கு நடுவில் முழுமையாகிவிடுகிற வாத்தியம் இது. உனக்கு மேடை எதற்கு? கொலுவுக்கு வந்த யாரோ ஒரு அம்மாள் முகம் சுளித்ததற்காக, உன் அப்பா தஞ்சாவூரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்த வீணையை வீட்டைவிட்டு அனுப்புவாயா?

எனக்கு மேளம் கட்டிக்கொடுத்தவரிடம் பேசிவிட்டேன். வெளியூருக்கும் வருவாராம். தை பிறந்ததும் முடியும் என்றார். அதற்குள் முக்கியமாக வாசிக்கிற சாரணித் தந்தியை மாற்றிவிடு, பழசு துருப்பிடித்துக் கிடக்கும். தேதி சொன்னால் நானும் அவரோடு வந்துவிடுகிறேன், இரண்டு நாள் தங்குவது மாதிரி. அம்மா உனக்கென்று நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார், கொண்டுவருகிறேன். எந்தக் கிழமை தோதுப்படும் என்று உடனே எழுது.

உன் பிரியமுள்ள தோழி